அழுக்கு என்று நினைத்தேன்!

"எவ்வளவு தேச்சாலும் இந்த அழுக்குப் போக மாட்டேங்குதே!" என்று பயத்தமாவு போட்டு என் மகனின் கழுத்தைத் தேய்ப்பது என் வழக்கம். ஒருநாள் அவன் அழுதே விட்டான். "அழுக்கு இல்லேம்மா, வலிக்குது!"

காய்ச்சலுக்காகக் குழந்தை மருத்துவரிடம் போனபோதுதான் உண்மை தெரிந்தது. வயது ஒன்பது, உயரம் 133 செ.மீ., எடை 45 கிலோ. கழுத்து மடிப்பைப் பார்த்தவர், "இது அழுக்கில்லைம்மா. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். இப்படியே விட்டால் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வரலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை.

தப்பு என்னுடையதுதான். எங்கள் கூத்தாநல்லூரில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அத்தா வெளிநாட்டில். பக்கத்தில் இல்லாத அத்தாவுக்குப் பதிலாக, பார்சலில் வந்த சாக்லேட்டையும் ஜூஸ் பவுடரையும் கொடுத்தேன். அடம் பிடித்தால் கையில் போன். இரண்டு தெரு தள்ளியிருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ!

"பட்டினி போடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு எடை குறைய வேண்டுமென்பதில்லை. அதிகம் ஏறாமல் நின்றால், உயரம் வளர்ந்து சரிசெய்துவிடும். அவனுக்கென்று தனிச் சமையல் வேண்டாம், வீடே மாறட்டும்" என்றார் மருத்துவர்.

மாமிக்குக் கோபம். "வளர்ற புள்ள வயித்தைக் காயப் போடுறியா?" கழுத்தைக் காட்டி விளக்கினேன். மறுநாள் அவரே முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்தார்.

ஜூஸுக்குப் பதில் மோரும் தண்ணீரும். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், கொய்யாப்பழம். தட்டில் சோற்றைக் குறைத்து, காயையும் மீனையும் கூட்டினேன். கல்யாண வீட்டுப் பிரியாணியைத் தடுக்கவில்லை. ஒருதரம் போட்டதோடு சரி. பள்ளிக்கு நடை, மாலையில் சைக்கிள். பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிடமாவது ஓடியாடும் விளையாட்டு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சாப்பிடும்போது போன் கிடையாது, எனக்கும்தான்!

முக்கியமாக, "குண்டா" என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். செல்லமாகத்தான் கூப்பிட்டேன், ஆனால் அந்தப் பெயருக்குப் பயந்தே அவன் விளையாடப் போகாமல் இருந்திருக்கிறான்.

ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது 139 செ.மீ., அதே 45 கிலோ. கழுத்துக் கறுப்பும் மங்கி வருகிறது. போனில் அத்தா, "என்னடா அனுப்பட்டும்?" என்றார். "ஷூ அனுப்புங்கத்தா, பழசு ஓடி ஓடிக் கிழிஞ்சுபோச்சு!"

உங்கள் பிள்ளையின் கழுத்திலும் இப்படிக் கறுப்பு தெரிகிறதா? தேய்க்காதீர்கள் சகோதரிகளே, மருத்துவரிடம் காட்டுங்கள்.