இலையைத் தொட்டறிந்த கை

வலிகாமத்துச் செம்மண்ணில் எங்கள் ஐயாவுக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. பிற்பகலில் வரம்பு வழியே நடந்து செல்பவர், இடையிடையே குனிந்து இலையொன்றின்மீது புறங்கையை வைத்துப் பார்ப்பார். "தம்பி, இலை சுடுது. நாளைக்கு இறைக்கவேணும்" என்பார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலிருக்கும். அதனை ஓர் அளவீடு என்று நான் அன்று எண்ணியதில்லை.

பல ஆண்டுகளின் பின், செய்தி சேகரிப்பதற்காக ஆய்வுகூடமொன்றுக்குச் சென்றபோது, இலையின் நீரளவை அறியும் முறையைக் காட்டினார்கள். இலையைப் பறித்தவுடன் நிறுத்தார்கள். சில மணிநேரம் நீரில் ஊறவிட்டு மீண்டும் நிறுத்தார்கள். பின்னர் கனலடுப்பில் உலர்த்தி மூன்றாம் முறையும் நிறுத்தார்கள். பறித்தபோது 10 கிராம், ஊறியபின் 12, உலர்ந்தபின் 2 என்று வைத்துக்கொள்வோம். இலை கொள்ளக்கூடிய நீர் 10 கிராம். அதில் இருந்தது 8. ஆகவே 80 சதவீதம். கணக்குப் பிழையற்றது. ஆனால் அந்த இலையிடம் நாளைக்கு மீண்டும் கேட்க முடியாது. நாளை பறிப்பது வேறோர் இலை. ஒரு சாட்சியிடம் முதல்நாள் கேட்டதை மறுநாள் இன்னொரு சாட்சியிடம் கேட்டு எழுதுவது போன்றது அது.

இலையைப் பறிக்காமல் கேட்கும் வழிகளும் உண்டு. செந்நிறக்கீழ்க் கதிர்களிற் சிலவற்றை நீர் விரும்பி உறிஞ்சுகின்றது. 970, 1450 நனோமீற்றர் அலைநீளங்கள் அவ்வாறானவை. இலையிலிருந்து தெறித்து வரும் ஒளியில் அவை எவ்வளவு குறைந்துள்ளன என்பதைப் பார்த்து நீரை மதிப்பிடலாம். 1995 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹூ, நஸ் ஆகிய இருவரும் டெராஹேர்ட்ஸ் அலைகளால் ஓர் இலையைப் படமெடுத்தனர். 48 மணிநேரத்தின் பின் அதே இலையை மீண்டும் படமெடுத்தபோது, நீர் வற்றியிருந்தமை படத்திலேயே தெரிந்தது.

இவற்றையெல்லாம் வாசித்துச் செல்கையில், இலையின் வெப்பநிலை பற்றிய பகுதியில் நின்றுவிட்டேன். நீர் போதியளவு இருக்கையில் ஆவியுயிர்ப்பு இலையைக் குளிரச் செய்கின்றது. நீர் குறைந்தால் இலைவாய்கள் மூடிக்கொள்ள, இலை சூடேறுகின்றது. அதனைத் தொடாமலே அளக்கும் செந்நிறக்கீழ் வெப்பமானிகளைக் கொண்டு, பயிரின் நீர்த்தட்டுப்பாட்டைக் கணிக்கும் சுட்டி 1981 இல் வெளியாயிற்று. ஐயாவின் புறங்கை செய்த வேலையும் அதுவே.

ஆயினும் அந்தக் கையைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. காற்று வீசினாலும், வானம் மூடினாலும், ஈரப்பதன் மாறினாலும் இலையின் சூடு மாறும். கருவியென்றால் அவற்றையும் அளந்து கணக்கில் எடுக்கும். அந்தக் கருவியைச் சரிபார்ப்பதற்குக்கூடத் தொடக்கத்திற் சில இலைகளைப் பறித்து நிறுத்தே ஆகவேண்டும். ஐயாவின் கையைச் சரிபார்க்க எதுவும் இருக்கவில்லை. ஐயம் வந்தபோதெல்லாம் அவர் இறைத்தார். வாடிய பயிரைப் பார்ப்பதைவிட ஒரு தண்ணீர் கூடுதலாக விடுவது மேல் என்பது அவர் எண்ணம். துலா போய் இயந்திரம் வந்தபின், அவ்வாறு விடுவது மிக எளிதாயிற்று.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் துளைகளில், உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே எங்கள் சொத்து. மேலிருப்பதை அளவின்றி இறைத்தால் கீழிருப்பது எழுந்துவரும். எங்கள் கிணற்றிலும் அதுவே நடந்தது. அயலில் எல்லோரும் எங்களைப் போலவே இறைத்தார்கள். ஆகவே ஐயாவை மட்டும் குறைசொல்வது நியாயமன்று.

இலைக்கு இன்று நீர் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல எவரேனும் அன்று இருந்திருந்தால், அவர் இயந்திரத்தை நிறுத்தியிருப்பார் என்றே நம்புகிறேன். இன்று அத்தகைய கருவிகள் உள்ளன. அவை ஆய்வுகூட மேசைகளை விட்டிறங்கி, ஒரு சிறு தோட்டக்காரன் வாங்கக்கூடிய விலையில் அவன் வரம்புக்கு வரவேண்டும். எங்கள் கிணற்றுக்கு அது பிந்திவிட்டது. அந்தத் தண்ணீரில் இப்போது தேநீர் வைப்பதற்கில்லை.