ஸ்பிரிங்கை அறுக்காதே தம்பி

சித்தி மகன் நேற்று தன் 2018 ஸ்விஃப்ட்டோடு வந்தான். "அண்ணே, ஸ்பிரிங்க ரெண்டு சுத்து அறுத்து வண்டிய எறக்கிரலாம்னு பாக்கேன்."

நம் ஊரில் முத்தையாபுரம் தாண்டித் துறைமுகம் பக்கம் போய்ப் பார் என்றேன். உப்பளம், கண்டெய்னர் லாரிகள், அவை உழுதுபோட்ட தார். ஸ்விஃப்ட்டுக்குத் தரை இடைவெளியே 163 மி.மீ.தான். அதில் நாற்பது குறைந்தால் வேகத்தடை ஒவ்வொன்றும் அடியைச் சுரண்டும். ஸ்பிரிங்கை அறுத்தால் அது விறைத்துவிடும். ஷாக் அப்சார்பர் அசைய இடமிருக்காது. குழியின் அடி நேரே பாடியில் இறங்கும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு நழுவவும் கூடும். இது உயிர் விஷயம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அழகை வீலில் தேடலாம். அவனுடையது விஎக்ஸ்ஐ, 165/80 ஆர்14 டயர். இசட்எக்ஸ்ஐக்குக் கம்பெனியே தருவது 185/65 ஆர்15. மொத்த விட்டத்தில் வித்தியாசம் வெறும் 2 மி.மீ.; ஸ்பீடோமீட்டர் மாறாது, பிடிமானம் கூடும். 17 அங்குலம் வேண்டவே வேண்டாம். டயரின் பக்கச்சுவர் மெலிந்தால் குழியில் ரிம் வளையும். எனக்கு வளைந்திருக்கிறது.

குரோம் பூச்சும் நம் ஊருக்கு ஆகாது. உப்புக்காற்றில் ஒரு கீறல் போதும், அலாய் வெள்ளை பூத்துவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

அறுக்க நினைக்கும் தம்பிகளே, முதலில் வீட்டார் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு துறைமுகச் சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.