பொட்டல் காட்டில் இறங்கிய போயிங்

அக்கா பையன் லீவுக்கு ஸ்ரீரங்கம் வந்திருக்கான். வந்த நாளிலிருந்து என் கம்ப்யூட்டர் அவன் வசம். ஐயா ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் திருச்சி ஏர்போர்ட்டில் விமானத்தை நிறுத்தி வெச்சுண்டு முறைச்சிண்டு இருக்கான்.

"மாமா, நான் வந்து எறங்கினது இந்த ஏர்போர்ட் இல்லையே?"

நியாயமான கேள்வி. திருச்சியின் புது டெர்மினல் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தாச்சு. என்னிடம் இருக்கும் சிமுலேட்டரில் இன்னும் பழைய கட்டடம்தான் நிற்கிறது.

"மாசாமாசம் காசு கட்டி அப்டேட் பண்றேன்னு சொன்னியே, அதுல வராதா?"

வராதுடா கண்ணா. அது ஏன் வராதுங்கறதை நான் கத்துண்டது நீ பொறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. உன்னாலதான் கத்துண்டேன்னும் சொல்லலாம். அந்தக் கதையை அவனிடம் அரைகுறையாச் சொன்னேன். உங்களுக்கு முழுசா.

இந்தப் பைத்தியம் பிடிக்காத புண்ணியவான்களுக்காக ரெண்டு வரி. வீட்டு சிமுலேட்டரில் ஓட்டுகிற பெரிய விமானங்களுக்குள்ளும் நிஜத்தில் இருப்பது போலவே எஃப்.எம்.சி.ன்னு ஒரு கணினி உண்டு. எந்த வழியா போகணும், எந்த ரன்வே, எந்த அலைவரிசை எல்லாம் அதற்குள் இருக்கும் தரவிலிருந்து வரும். உலகம் பூரா இந்தத் தரவு 28 நாளைக்கு ஒரு தடவை மாறும். ஏராக்ன்னு பேர். எப்பவும் வியாழக்கிழமைதான் அமலுக்கு வரும். வருஷத்துக்கு 13 தடவை, எப்பவாவது 14 (2020-ல் அப்படி வந்தது). நிஜ விமானங்களுக்கு ஜெப்பசன் மாதிரி கம்பெனிகள் கொடுப்பதை, நம்மைப் போன்ற வீட்டு பைலட்டுகளுக்கு ஏத்த மாதிரி மாத்தி விக்கறவர்கள் நேவிகிராஃப் என்ற ஸ்வீடன்காரர்கள். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம்.

அப்பாவிடம் இதை முதலில் விளக்கினபோது ஊஞ்சலை நிறுத்தாமலே சொன்னார்: "பஞ்சாங்கம்னு சொல்லேன்."

அதேதான். நிறைய பேர் செய்யும் தப்பு (நானும் செஞ்சேன்), பஞ்சாங்கத்தை மாத்தினா வானமும் மாறிடும்னு நினைக்கறது.

2018 அக்டோபர். அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம். அலையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டதால அம்மாதான் பெங்களூர் போகணும். தீபாவளிக்கு அப்புறம்னு முடிவு. வழக்கமா அம்மாவுக்கு மைசூர் எக்ஸ்பிரஸ்தான். ராத்திரி ஜங்ஷன்ல ஏறினா காலையில பெங்களூர். ஆனா முட்டி வலி ஜாஸ்தி, தீபாவளி சமயம் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். அத்திம்பேர் சத்தம் போடாம ஃப்ளைட் டிக்கெட் எடுத்து அனுப்பிட்டார். அம்மாவுக்கு முதல் விமானப் பயணம்.

டிக்கெட் வந்த வாரத்திலேயே அது நடந்தது. அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை விடியாத நேரம், சுமார் 1.20 மணி. திருச்சியிலிருந்து துபாய் கிளம்பின ஐ.எக்ஸ். 611, போயிங் 737, மேலே எழும்பும்போது ரன்வே முடிவைத் தாண்டி இருக்கும் ஐ.எல்.எஸ். ஆண்டெனாவையும் காம்பவுண்டு சுவரையும் இடிச்சிட்டுப் போனது. பயணிகள் 130 பேர், சிப்பந்திகள் 6 பேர். விமானத்தை மும்பைக்குத் திருப்பி இறக்கினார்கள். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா உடைஞ்ச சுவரின் படம் பேப்பரில் வந்தது. அம்மா அதை மடிச்சு ஸ்வாமி அலமாரி ஓரத்தில் வெச்சுட்டா. "நான் வெயிட்டிங் லிஸ்ட்லயே போறேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அம்மா, நான் உன்னை கம்ப்யூட்டர்லயே பெங்களூருக்குக் கூட்டிண்டு போய்க் காட்டறேன், பயம் போயிடும்"னு வீராப்பா சொல்லிட்டேன்.

அப்போ என்னிடம் இருந்தது மைக்ரோசாஃப்டின் எஃப்.எஸ்.எக்ஸ்., 2006-ல் வந்தது. அதுக்கு மேல பி.எம்.டி.ஜி. காரர்களின் 737. அம்மாவுக்காகவே காசு கொடுத்து புத்தம்புது தரவு, 1811-ஆவது சுற்று, இறக்கி வெச்சேன். எஃப்.எம்.சி.யின் முதல் பக்கத்தில் அக்டோபர் 11 முதல்னு தேதி தெரியும்போது என்ன ஒரு பெருமை!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பக்கத்து நாற்காலியில் அம்மா. பின்னாடி ஊஞ்சலில் அப்பா. திருச்சியில் ஏறினோம். சுவரைத் தாண்டும்போது அம்மா கண்ணை மூடிண்டா.

"கோபுரம் எங்கடா?"

"அது... இதுல இல்லம்மா." 1987-ல் கும்பாபிஷேகம் ஆன 236 அடி ராஜகோபுரத்தை 2006-ல் வந்த மென்பொருள் கண்டுக்கவே இல்லை. காவேரி மட்டும் யாரோ ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி இருந்தது. அம்மா அதுக்கும் கை கூப்பினா.

நேர்கோட்டில் 290 கிலோமீட்டர் சொச்சம். எல்லாம் அமர்க்களமாப் போச்சு. பெங்களூர் நெருங்கினதும் எஃப்.எம்.சி. சமர்த்தா இறங்க ஆரம்பிச்சது. திரையில் ரன்வே கோடு பளிச்சுன்னு இருக்கு. ஐ.எல்.எஸ். அலைவரிசையும் அதுவே சொல்லிடுத்து. போட்டேன். முள் அசையல. சரி, பக்கத்துல போனா பிடிக்கும்னு பார்த்தேன். ஆயிரம் அடி. ஐந்நூறு அடி. ஜன்னலில் ரன்வேயைக் காணோம்!

"ஐம்பது... நாற்பது... முப்பது..." விமானம் இங்கிலீஷில் எண்ணறது. கீழே செம்மண்ணும் புதரும். குலுங்கி, ஆடி, ஒரு கள்ளிச் செடிக்குப் பக்கத்துல நின்னுது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தா. "பொட்டல் காட்டுல கொண்டு எறக்கறியேடா" என்றாள். எழுந்து உள்ளே போயிட்டா.

என்ன ஆச்சுன்னு உங்களில் சில பேர் இதுக்குள்ள பிடிச்சிருப்பீங்க. தேவனஹள்ளி விமான நிலையம் திறந்தது 2008 மே மாசம். 2006 சிமுலேட்டரில் பெங்களூர்னா தெற்கே கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பழைய எச்.ஏ.எல். ஏர்போர்ட்தான். ஹைதராபாத்துக்கும் இதே கதி, ஷம்ஷாபாத் இருக்காது, பேகம்பேட்டைதான். நான் வாங்கின தரவு விமானத்தின் மூளைக்கு மட்டும். தரை, ரன்வே, ஐ.எல்.எஸ். சிக்னல் எல்லாம் சிமுலேட்டருடைய சொந்தக் கோப்புகள், அவை 2006-லேயே நிக்கறது. மூளை 2018-ல், உடம்பு 2006-ல். பழைய கம்ப்யூட்டரில் தேவனஹள்ளி சீனரியைத் தனியாப் போட்டிருந்தேன், ஹார்ட் டிஸ்கோட அது போனதை மறந்தே போயிருந்தேன். அந்தத் தரவில் தப்பே இல்லை. எழுதியிருந்த இடத்துக்கு அட்சரம் பிசகாமல் கொண்டு விட்டது.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கல. "திருக்கணிதத்துல நாள் பார்த்து, வாக்கியத்துல முகூர்த்தம் வெச்சிருக்கே. மாப்பிள்ளை ஒரு நாள், பொண்ணு ஒரு நாள்!"

(ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இது புதுசில்லை. 2021-ல் எங்க ஊர் வைகுண்ட ஏகாதசி கார்த்திகையிலேயே, டிசம்பர் 14-ல் வந்துடுத்து. மத்த பல கோவில்களில் அடுத்த ஜனவரி 13. ஊருக்கு வர்றவா எந்த ஊர் கணக்குன்னு கேட்டுண்டுதான் பஸ் ஏறணும்.)

அடுத்த மூணு ராத்திரி தூங்கல. தேவனஹள்ளி சீனரி தேடி இறக்கினேன். சிமுலேட்டரின் ஐ.எல்.எஸ்., வி.ஓ.ஆர். எல்லாத்தையும் புதுப்பிக்கற தொகுப்பு ஒண்ணை வெளிநாட்டு அன்பர் ஒருத்தர் இலவசமாவே கொடுத்திருந்தார், அதையும் போட்டேன். பிறகு இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஏ.ஐ.பி. பக்கங்களை எடுத்து ஒவ்வொண்ணா ஒப்பிட்டேன். அது யார் வேணா பார்க்கலாம், காசு கிடையாது. காசு கொடுத்து வாங்கறவாளும் ஒரு தடவை அதைப் பார்த்துடுங்கோ. 2019 டிசம்பரில் பெங்களூரில் ரெண்டாவது ரன்வே வந்தபோது பழைய ரன்வேயின் எண்ணோட இடது, வலது சேர்ந்துண்டது. அன்னிக்கு நிறைய வீட்டு பைலட்டுகள் முழிச்சிருப்பாங்க, நான் முழிக்கல :-)

புதன்கிழமை மறுபடி அம்மாவைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். இந்தத் தடவை முள் பிடிச்சது, ரன்வேயும் வந்தது. பூ மாதிரி இறங்கினேன். அம்மா முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"அன்னிக்கு இடிச்சாளே, அந்த ஆண்டெனா. உன்கிட்ட அது நிக்கறதா, விழுந்துடுத்தா?"

நிக்கறதும்மா. 1811 அமலுக்கு வந்தது வியாழக்கிழமை, நம்ம நேரப்படி காலை ஐந்தரைக்கு. சுவர் இடிபட்டது அதே ராத்திரி. ஒரு முழு நாள் ஆகல. அடுத்த சுற்று நவம்பர் 8 வரை வராது.

"அப்போ நெஜமா ஓட்டறவாளுக்கும் அது நிக்கற மாதிரிதானே தெரியும்?"

மூணு ராத்திரி முழிச்ச எனக்குத் தோணாத கேள்வி. அப்புறம் நோட்டாம்னு ஒண்ணு இருக்கறதைச் சொன்னேன். இந்த விளக்கு எரியல, இந்த ஆண்டெனா வேலை செய்யல, இங்கே கிரேன் நிக்கறதுன்னு அப்பப்போ அறிவிப்பு போட்டுண்டே இருப்பா. பைலட் அதைப் பார்க்காம கிளம்பக் கூடாது.

"தெனமும் பார்ப்பாளா?"

"ஒவ்வொரு தடவை கிளம்பறதுக்கு முன்னாடியும்."

"28 நாள் புஸ்தகத்தை மட்டும் நம்பி ஓட்ட மாட்டா?"

"மாட்டாம்மா."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? வெட்டவெளியில எறக்கிக் காட்டினே."

பேப்பர் துண்டு ஸ்வாமி அலமாரியிலிருந்து எப்போ போச்சுன்னு தெரியல. தீபாவளி முடிஞ்ச வாரம், ஒரு டப்பா தேங்குழல், பிரசவ லேகியம், சின்னப் பஞ்சாங்கம் சகிதம் அம்மாவை ஏர்போர்ட்டில் விட்டுட்டு ஆபீஸ் போனேன். வேலை ஓடல. ரெண்டு மணி நேரம் கழிச்சு போன் வந்தது. பின்னாடி ஒரே இரைச்சல்.

"எறங்கியாச்சுடா. கோபுரம் தெரிஞ்சது."

"பயமா இருந்ததா?"

"அதெல்லாம் இல்லை. இரு, உன்கிட்ட சொல்லணும்னே இருந்தேன். இங்க ரன்வே நெஜமாவே இருக்குடா."