பதினைந்து சென்ட்

சித்திக்குச் சேர வேண்டிய சொத்தை, அவளே மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டேன். எழுதியதும் நான்தான். பத்திரம் எழுதுவது என் தொழில். அதனால் சட்டம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. தெரிந்துதான் செய்தேன்.

அப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை. அம்மா இறந்தபோது நான் ஆறாம் வகுப்பு. தங்கை பள்ளிக்கூடமே போக ஆரம்பிக்கவில்லை. மறு வருஷம் முக்கூடலிலிருந்து சித்தி வந்தாள். முப்பதைத் தாண்டியும் வரன் அமையாததால் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்களைப் போல அவளும் பீடி சுற்றுவாள். திண்ணையில் உட்கார்ந்து, சொளகை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றுகிற கை நிற்காமலே என்னை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று மனக்கணக்குப் போட்டுப் பழகியவள் என்பதால் நான் எங்கே தப்பு விட்டாலும் பிடித்துவிடுவாள்.

வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 90 சென்ட் நன்செய் விலைக்கு வந்தபோது அப்பா அதை வாங்கினார். கார் சாகுபடி பாபநாசம் அணைத் தண்ணீரை நம்பி இருந்தாலும் பிசானம் பொய்க்காத வயல். அட்வான்ஸ் கொடுத்ததில் ஒரு பகுதி சித்தியின் பீடிக் காசு. கிரயப் பத்திரம் அப்பா பேரில் மட்டும். அப்போது அது யாருக்கும் தப்பாகப் படவில்லை, சித்தி உட்பட.

2011இல் அப்பா இறந்தார். உயில் இல்லை. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பிழைக்கிற மகன் இருந்தும் அப்பா உயில் எழுதாததற்குக் காரணம் நான்தான். எழுத வேண்டும் என்று அவரே இரண்டொரு முறை பேச்செடுத்தார். “இப்ப என்னப்பா அவசரம், நல்லாத்தான இருக்கிய” என்று தள்ளிப்போட்டேன். எழுதினால் வீட்டைச் சித்தி பேருக்கு எழுதிவிடுவார் என்று எனக்குத் தெரியும். இத்தனைக்கும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களை உயில் எழுத வைக்க நான் ஒரு கதை சொல்வது வழக்கம். சிவகங்கை ஜமீன்தார் 1829இல் பல மனைவியரை விட்டுவிட்டு இறந்தார். சொத்து யாருக்கு என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863இல்தான் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது. ஊருக்குச் சொன்ன கதையை வீட்டில் சொல்லவில்லை.

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சொத்து எப்படிப் பிரியும் என்பதை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம், 10ஆம் பிரிவுகள் சொல்கின்றன. மனைவிக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு, ஒவ்வொரு மகளுக்கும் ஒரு பங்கு. இறந்தவரின் தாயார் இருந்தால் அவருக்கும் ஒன்று. முதல் தாரம் இறந்த பிறகு முறைப்படி கட்டிய இரண்டாம் தாரம் முழு மனைவிதான். மூத்தாள் பிள்ளைகள், இளையாள் பிள்ளைகள் என்ற பேதமும் அதில் இல்லை. எங்கள் ஆச்சி முன்பே காலமாகிவிட்டாள். ஆக, சித்தி, நான், தங்கை, மூன்று சமபங்கு. வயலில் தலைக்கு 30 சென்ட்.

வாரிசுச் சான்றிதழில் அவள் பெயரை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். விஏஓ விசாரணையில் தெருவே அவள் பெயரைச் சொல்லும். மில் பென்ஷனும் விதவை என்று அவள் பெயருக்குத்தான் வரும். நடக்காது என்று விட்டேனே தவிர, கூடாது என்று விடவில்லை. தாசில்தார் கொடுத்த சான்றிதழில் முதல் பெயரே சித்தியுடையது. பிறகுதான் விடுதலைப் பத்திரம் என்ற வழியைப் பிடித்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் பயம் என்று சொல்லலாம். சித்திக்கு அவள் அண்ணன் மகன் மேல் உயிர். தன் பங்கை அவனுக்கு எழுதிவைத்துவிட்டால் எங்கள் வயலுக்குள் வெளியாள் வரப்பு போடுவானே என்ற பயம். எழுதிவைக்க அவளுக்கு முழு உரிமை உண்டு என்பதும் தெரியும். அந்த உரிமை எளிதில் வந்ததல்ல. 1937க்கு முன்னால் மகன் இருக்கிற வீட்டில் விதவைக்கு ஜீவனாம்சம்தான், பங்கு கிடையாது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் பங்கு கொடுத்தும் ஆயுள்வரை அனுபவிக்க மட்டுமே விட்டது. விற்கவும் எழுதிவைக்கவுமான முழு உடைமை 1956இல் வந்தது. ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் 1937ஐத் தாண்டவில்லை. அந்த அறியாமைதான் எனக்கு முதலீடு.

தங்கை மட்டும் கேட்டாள். “அண்ணே, சித்திக்கு ஒண்ணும் எழுதலியா?”

“ரெண்டாந்தாரத்துக்குச் சட்டத்துல பங்கு கிடையாதுட்டி. ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் கைநாட்டு வாங்குதோம்.”

அண்ணன் பத்திர எழுத்தர். அவள் வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

2012இல் பத்திரம் தயாரானது. “கணவர் வகையில் எனக்குப் பாத்தியப்பட்ட மூன்றில் ஒரு பங்கை, ரூபாய் 50,000 ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு விடுதலை செய்துவிட்டபடியால், இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் இல்லை” என்று எழுதினேன். அந்த ரூபாய் ஐம்பதாயிரம் தாளில் மட்டும்தான் இருந்தது. குடும்ப விடுதலைப் பத்திரங்களில் இந்த ரொக்க வரியைப் பணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதியவை என் கைவரிசையிலேயே மிகக் குறைவு.

“எய்யா, இது என்ன தாளு?” என்று கேட்டாள்.

“பட்டா பேரு மாத்தணும்லா சித்தி, அதுக்கு.”

“நீ பாத்தாச் சரித்தான்.”

அலுவலகத்தில் கேமராவுக்கு முன் உட்காரவைத்தார்கள். முக்காட்டை விலக்கச் சொன்னதும் கூசினாள். பீடித் தூளும் இலையும் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் ரேகை வழுக்கையாகிவிட்டிருந்தது, கருவி ஏற்கவில்லை. துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி மறுபடி வைத்தும் விழவில்லை. கடைசியில் நான் எழுந்து போய், அவள் பெருவிரலை என் கையால் பிடித்து அழுத்தி வைத்தேன். பதிந்தது. சார்பதிவாளர் வழக்கப்படி, “பணம் வாங்கிட்டீங்களாம்மா?” என்றார். சித்தி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். “வாங்கிட்டேன்யா” என்றாள்.

அப்பாவின் வங்கி டெபாசிட்டுக்கு நான்தான் நாமினி. அதையும் முழுசாக எடுத்துக்கொண்டேன். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய ஆள்தான், உடைமைக்காரர் அல்ல என்று காப்பீட்டுப் பணம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இலேயே சொல்லிவிட்டது. டெபாசிட்டுக்கும் அதே கதிதான். இதையும் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டை விற்றபோது சித்தியை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அவளே, “அண்ணன் வீட்டுல கொஞ்ச நாளு இருந்துட்டு வாரேன்” என்று சொளகையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு முக்கூடலுக்குப் பஸ் ஏறினாள். திரும்பி வா என்று நான் போய் அழைக்கவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது. பெற்றோர் என்ற சொல்லுக்குள் மாற்றாந்தாயையும் அது பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் தீர்ப்பாயத்தில் ஒரு மனு கொடுத்திருந்தால் மாதாமாதம் நான் படியளந்திருக்க வேண்டும். அவளுக்கு அது தெரியாது. தெரிந்தவன் நான், சொல்லவில்லை. 2019இல் அண்ணன் வீட்டிலேயே இறந்தாள்.

விஷயம் வெளியே வந்தது தங்கை மகளால். நெல்லை அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், வாரிசுரிமைப் பாடம் நடத்திய அன்றைக்கே ஃபோன் போட்டாள். “மாமா, முறையாக் கட்டிக்கிட்ட ரெண்டாந்தாரத்துக்குப் பங்கு உண்டுன்னு இருக்கே. ஆச்சிக்கு ஏன் இல்லாமப் போச்சு?” நான் ஏதோ உளறினேன். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது கட்டியவளுக்குப் பங்கில்லை, அவள் வயிற்றுப் பிள்ளைகளுக்கு மட்டும் தகப்பன் பங்கில் உரிமை உண்டு, 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம்கூட உறுதி செய்தது என்றெல்லாம் பேச்சை வளர்த்தேன். “அது செல்லாத கல்யாணத்துக்கு, மாமா. ஆச்சி கல்யாணம் செல்லும்லா?” என்றாள். பதில் இல்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் சட்டம் வேறுவேறு என்பார்கள் கிண்டலாக. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பத்தில், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தாலும் விதவைக்கு மூன்றில் ஒன்று. மேலப்பாளையத்து முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று. அளவுதான் மாறும். விதவைக்கு, அவள் எத்தனையாவது தாரமாக வந்திருந்தாலும், ஒன்றுமில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னது நான்தான்.

மருமகள் இன்னொன்றையும் கேட்டாள். அதுதான் தைத்தது. “ஆச்சி பங்கை ஆச்சி பேர்லயே விட்டிருந்தா, ஆச்சிக்குப் பிறகு அது யாருக்கு வந்திருக்கும்?” இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. பெண் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் அவள் வயிற்றுப் பிள்ளைகளும் கணவரும். அந்தப் பிள்ளைகளில் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் சேரமாட்டார்கள் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆனால் அவளுக்குப் பிள்ளையும் கணவரும் இல்லையென்றால் அடுத்த உரிமை கணவரின் வாரிசுகளுக்கு, அதாவது எங்களுக்கு. கணவர் வழியில் வந்த சொத்து என்பதால் வேறு யாரும் குறுக்கே வரவும் முடியாது. அவள் 30 சென்ட் எனக்கும் தங்கைக்கும் பதினைந்து பதினைந்தாகப் பிரிந்திருக்கும். ஏற்கெனவே உள்ள முப்பதோடு சேர்த்துத் தலைக்கு 45. பொய்ப் பத்திரத்தால் எனக்குக் கிடைத்ததும் அதே 45தான். சித்தி உயில் எதுவும் எழுதிவைக்கவில்லை என்பது அவள் இறந்த பிறகு தெரிந்தது. நான் பயந்த அண்ணன் மகன்தான் அவளுக்குக் கொள்ளி வைத்தான். ஒரு சென்ட்கூடக் கேட்டு வந்ததில்லை.

வயல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பதினைந்து சென்ட்டை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிடு என்கிறாள் தங்கை. சட்டப்படி அவனுக்கு எதுவும் சேராதே என்று எனக்குள் இருக்கிற பத்திர எழுத்தன் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான். அதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

கணவரை இழந்து பத்திரத்தில் கைநாட்டு வைக்கப் போகிற தாய்மார்களுக்கு, இந்தத் தொழிலில் இருப்பவனாக ஒன்று சொல்ல வேண்டும். வாரிசுச் சான்றிதழை வாங்கி அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் வாங்கியதாக எழுதியிருந்தால், எண்ணிக் கையில் வாங்கிய பிறகு மட்டும் ஆமாம் என்று சொல்லுங்கள். ஏமாந்து ஏற்கெனவே கைநாட்டு வைத்திருந்தால், ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போடலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். பத்திரத்தை முழுசாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், வீட்டு ஆள் அல்லாத ஒருவரை வைத்து. படித்துக் காட்டத் தயங்குகிறவன் நீங்கள் வளர்த்த பிள்ளையாகவே இருந்தாலும் விரலைக் கொடுக்காதீர்கள்.