ஐந்தரை அடிப் பலகை

கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சர்ஃபிங் பலகைக் கடை. ஜனவரிக் காலை. கடல்நீர் 12 டிகிரி செல்சியஸ் என்று வாசல் கரும்பலகையில் யாரோ எழுதி, பக்கத்தில் பல் நடுங்கும் முகம் ஒன்றையும் வரைந்திருக்கிறார்கள்.

வரிசையாக நிற்கும் பலகைகளுக்கு நடுவே அந்த மனிதர், வந்ததிலிருந்து ஒன்றையே சுற்றிச் சுற்றி வருகிறார். 45 வயது இருக்கும். பலகை மஞ்சள் நிறம், ஐந்தரை அடி, பின்பக்கம் மீன்வாலாகப் பிளந்திருக்கிறது. ரகத்தின் பெயரே ஃபிஷ். கக்கத்தில் இடுக்கிப் பார்க்கிறார். ஓரத்தை உள்ளங்கையால் வருடுகிறார். ஒற்றைக் கண்ணை மூடி அடிப்பக்க வளைவை அளக்கிறார். வளைவு என்று சொல்ல அதிகம் இல்லை, ஏறக்குறைய தட்டை. தண்ணீரை முட்டித் தள்ளாமல் அதன் மேலேறி ஓட அந்தத் தட்டைதான் உதவுகிறது. ஃபின் எனும் அடிப்பக்கத் துடுப்பு நடுவில் கிடையாது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே. நடுவில் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் வால் லேசாக வழுக்கித் திரும்பும்.

கல்லாவில் இருக்கும் நரைத்த தலை அம்மாள் பலகையைப் பார்க்கவில்லை. அவருடைய தோளைப் பார்க்கிறார், பிறகு இடுப்பை.

"வேகமா ஓடணும். நினைச்ச பக்கம் திரும்பணும்" என்கிறார் மனிதர்.

"எடை?"

"175 பவுண்டு."

அதாவது சுமார் 80 கிலோ. சட்டையின் நடுப் பொத்தான் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மாள் எழுந்து போய், குளிர்நீரில் உடுத்தும் ரப்பர் உடையான வெட்சூட் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் போடுகிறார். உடம்புக்கு 4 மில்லிமீட்டர் தடிமன், கை கால்களுக்கு 3. "ஒரு கையை நுழைச்சு, துழாவிப் பாருங்க." கடைக்கு நடுவில் நின்று காற்றைத் துழாவுகிறார். ஏழெட்டு வீச்சில் வேகம் தளர்கிறது. இதே ஊரில் 1959இல் கடை போட்டு ரப்பர் உடை விற்ற ஜாக் ஓ'நீல், ஒரு கண்ணில் கறுப்புத் துணியோடு, சுவர்ப் படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ரப்பர் ஒவ்வொரு வீச்சிலும் தோளைப் பின்னுக்கு இழுக்கும். குளிர் வேறு கையைச் சோர வைக்கும். மிதப்பு குறைந்த பலகை என்றால் அலை செங்குத்தாகி உடையப் போகும் நேரத்தில்தான் பிடிக்க முடியும். ரப்பர் காலணி மாட்டிய பாதத்துக்குப் பலகையின் அசைவும் சரியாக எட்டாது. அம்மாள் இதையெல்லாம் விளக்கவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பலகையை உருவி மஞ்சளுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். அதுவும் ஃபிஷ்தான். நாலு அங்குலம் கூடுதல் நீளம், கொஞ்சம் அகலம், கொஞ்சம் தடிமன். கன அளவில் மஞ்சள் 32 லிட்டர், இது 38.

மனிதரின் முகத்தில், பந்தியில் தனக்கு மட்டும் சர்க்கரை போடாத காபி வைத்துவிட்டதைப் போன்ற வாட்டம்.

"மார்க் ரிச்சர்ட்ஸ் ரெண்டு ஃபின் பலகையில நாலு வருஷம் உலகப் பட்டம் வாங்கினாரே..."

"1979இல ஆரம்பிச்சார். அப்ப அவருக்கு 22 வயசு."

இதற்கு மேல் வாதம் ஏது? முதலில் இந்த ஃபிஷ் உருவத்தைச் செதுக்கிய சான் டியேகோவின் ஸ்டீவ் லிஸ்கூட, 1960களின் கடைசியில், முழங்காலிட்டு ஓட்டத்தான் அவ்வளவு குட்டையாகச் செதுக்கினார். எழுந்து நின்றது பிறகு.

அடுத்து ஃபின். அடிப்பாகம் நீண்ட கீல் ஃபின் விரட்டி விரட்டி ஓடும், ஆனால் அகன்ற வட்டமடித்துத்தான் திரும்பும். குறுகலாக நிமிர்ந்த ஃபின் சட்டென்று திரும்பும், ஓட்டத்தில் கொஞ்சம் கைவிடும். மனிதருக்கு இரண்டும் வேண்டும். இரண்டு ஜோடியையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்து, நிமிர்ந்ததையே எடுக்கிறார். இங்கே அம்மாள் குறுக்கிடவில்லை. திருகாணியைக் கழற்றினால் மாற்றிக்கொள்ளலாம். பலகையை அப்படி மாற்ற முடியாதே.

கால் வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்கும் மெழுகுக் கட்டி ஒன்றை மனிதர் கல்லாவருகே எடுத்து வைக்கிறார். வெப்பக் கடலுக்கான கெட்டி ரகம், இந்தத் தண்ணீரில் இறுகிக் காலை வழுக்கிவிடும். அம்மாள் பேசாமல் அதை எடுத்து வைத்துவிட்டு, குளிர்நீருக்கான மிருதுவான கட்டியைச் சாம்பல் பலகையின் ரசீதோடு நீட்டுகிறார்.

கார்டை நீட்டியபடியே அவர் கேட்கிறார்: "அந்த மஞ்சளைக் கோடை வரைக்கும் விற்காம வெச்சிருப்பீங்களா?"