ஆடுற வீடும் அழுவுற கிம்பலும்

"ஏலே, வீட்ட நாளைக்குத்தான பிரிக்கப் போறானுவ? இப்பவே ஆடுது?"

வாட்சப்புல நான் அனுப்பின வீடியோவ பாத்துட்டு சென்னையிலேர்ந்து அப்பா கேட்ட மொத கேள்வி இது மக்களே. நக்கல்னு நெனைக்காதீங்க, மனுஷன் நெஜமாவே பதறிட்டார்.

விஷயம் இதுதான். திருநெல்வேலி பக்கம் எங்க பூர்வீக வீடு. மங்களூர் ஓடு, நடுவுல முற்றம், பின்னாடி கிணறு. பாகம் பிரிச்சு, வித்தாச்சு. ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு ஓடு பிரிக்க ஆள் வர்றாங்க. அப்பாவுக்கு முட்டி வலி, பயணம் பண்ண முடியாது. "ஒன் பொம்மைய வெச்சு மேலருந்து ஒரு தடவ காட்டுலே"ன்னார். நாலு வருஷமா அந்த 'பொம்மை'க்கு செலவு பண்றேன்னு திட்டின அதே அப்பா :-). நானே பாகம் பாகமா வாங்கி சேத்து வெச்ச ட்ரோன் அது, அதனால பழிய போட வேற ஆளும் கெடையாது.

சனிக்கிழமை காலைல பறக்க விட்டேன். தரையில இருக்கும்போதே கிம்பல்லேர்ந்து 'ங்ஙீஈஈ'ன்னு கொசு மாதிரி ஒரு சத்தம். சரி பரவால்லன்னு ஏத்திட்டேன். எறக்கி பாத்தா, ஓட்டு வரிசையெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி நெளியுது. ஜெல்லோன்னு சொல்வாங்களே, அது. நம்ம கேமரா ஒரு படத்த மொத்தமா ஒரே நொடியில எடுக்கறதில்ல. சென்சார் மேல் வரிசையிலேர்ந்து கீழ் வரிசை வரைக்கும் ஒவ்வொண்ணா படிச்சுட்டு வரும். அந்த எடைவெளியில கேமரா அதிர்ந்தா, நேர் கோடு வளஞ்சு போகும். ஓட்டு வீட்டுல நேர் கோட்டுக்கா பஞ்சம்? எல்லாமே வளஞ்சுது.

பொட்டி தட்டி பொழப்பு நடத்துறவன் மொதல்ல எங்க கை வைப்பான்? லேப்டாப்புலதான். கிம்பல் கண்ட்ரோலர சொருகி பிஐடி எண்களையெல்லாம் கொறச்சேன். சத்தம் கொறஞ்சுது. ஆனா ட்ரோன கையில புடிச்சு சாய்ச்சா கேமராவும் கூடவே மெதுவா சாயுது, தூங்கி வழியிற வாட்ச்மேன் மாதிரி. பழைய எண்ணையே திருப்பி போட்டேன். ஒரு மணி நேரம் தண்டம்.

அப்பறம்தான் மண்டையில ஒறச்சுது. கரண்ட ஆஃப் பண்ணிட்டு, கேமராவ வெரலால நேரா நிறுத்தி விட்டேன். தொப்புனு முன்பக்கம் கவுந்துது. ஒழுங்கா சமநிலையில இருக்குற கிம்பல்ல கேமராவ எங்க விட்டாலும் அங்கேயே நிக்கணும். போன மாசம் லென்சுக்கு முன்னால ஒரு என்டி ஃபில்டர் மாட்டினது நான்தான். சில கிராம்தான் எடை. ஆனா அந்த சில கிராம தாங்கிப் புடிக்கறதுக்கு மோட்டார் எந்நேரமும் முக்கிட்டே இருந்திருக்கு. தொட்டா சூடு. அந்த முக்கல்தான் கொசு சத்தம். ஃபில்டர கழட்டி, கேமரா நிக்குற எடத்தயும் ஒரு நூல் சரி பண்ணினேன். சத்தம் போச்சு!

சித்தி குடுத்த காப்பிய குடிச்சுட்டு, வெற்றி வீரன் கணக்கா சாயங்காலம் திரும்ப ஏத்தினேன். ஜெல்லோ முன்னவிட மோசம். அவ்வ்வ்.

நான் பண்ணின தப்பு இதுதாங்க: சத்தமும் நடுக்கமும் ஒரே வியாதின்னு நெனச்சுட்டேன். ரெண்டும் வேற வேற. ஃபில்டர் போட்டிருந்தப்ப உள்ள வர்ற வெளிச்சம் கம்மி, ஷட்டர் நிதானமா தெறந்து மூடும், அதனால அதிர்வு கொஞ்சம் கலங்கலாகி மறஞ்சுடும். கழட்டினதும் ஷட்டர் வேகம் எகிறி, ஒவ்வொரு நெளிவும் பளிச்சுன்னு தெரிய ஆரம்பிச்சுது. ஒரு மாசமா அந்த கண்ணாடித் துண்டு வியாதிய மூடி வெச்சிருக்கு. நான் வேற 'ஆஹா படம் சூப்பரா வருதே'ன்னு சுத்திட்டு இருந்திருக்கேன்.

இன்னொண்ணு. கிம்பல் இருக்கையில நடுக்கம் எப்படி வரும்னு கேப்பீங்க. காத்துல ட்ரோன் சாயுறது, திரும்புறது மாதிரி நிதானமான அசைவத்தான் கிம்பல் மோட்டார் சரி பண்ணும். ப்ரொபெல்லர் சுத்துறது நிமிஷத்துக்கு 5,000 தடவைக்கு மேல, அதாவது நொடிக்கு எண்பத்து சொச்சம். அந்த வேகத்து அதிர்வ துரத்திப் புடிக்க கிம்பலால முடியாது. அத முழுங்கறது நடுவுல இருக்குற ரப்பர் உருண்டைங்க வேலை.

அந்த ரப்பர் உருண்டைங்கள டார்ச் அடிச்சு பாத்தேன். மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நடுவுல, 'இன்னும் மெத்துனு இருக்கட்டும்'னு ஒரு மகானுபாவன் ஸ்பாஞ்சு அடைச்சு வெச்சிருக்கான். (வேற யாரு, அடியேன்தான்.) ரப்பர் தானா ஆடினாத்தான் அதிர்வு அதோட நிக்கும். நான் அடைச்ச ஸ்பாஞ்சு, அதிர்வு கேமராவுக்கு போறதுக்கு பாலம் போட்டு குடுத்திருக்கு. புடுங்கி எறிஞ்சேன்.

அடுத்து வேர். ப்ரொபெல்லர் நாலையும் கழட்டிட்டு வெறும் மோட்டார ஓட விட்டு, கையத்(ட்ரோன் கைய சொல்றேன்) தொட்டுப் பாத்தேன். வழவழன்னு ஓடுது. அப்ப மோட்டார் நிரபராதி. மீதி ப்ரொபெல்லர்தான். பேலன்சர் சென்னையில பத்திரமா தூங்குது. சித்தி அடுக்களையிலேர்ந்து ஒரே ஒசரத்துல ரெண்டு கண்ணாடி டம்ளர், தச்சு சாமான் பெட்டியிலேர்ந்து நேரான ஒரு ஆணி. ப்ரொபெல்லர் ஓட்டையில ஆணிய விட்டு, ரெண்டு டம்ளர் விளிம்புலயும் படுக்க வெச்சேன். கனமான எறகு எதுவோ அது கீழ எறங்கும். ஒண்ணு ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா சரிஞ்சுது. நகத்தால தடவினா ஓரத்துல சின்னதா ஒரு பல்லு போயிருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி வேப்பங்கெளையில ஒரு ஒரசு ஒரசினது ஞாபகம் வந்துச்சு. அத தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டினேன். மத்த மூணுக்கும் லேசா இருந்த எறகு முதுகுல செல்லோ டேப் துண்டு ஒட்டி, சரியாற வரைக்கும் கத்திரியால நறுக்கி நறுக்கி... மணி ராத்திரி பன்னெண்டு. "கல்யாணத்துக்கு கூட நீ இவ்ளோ நேரம் முழிச்சதில்லியே"ன்னு சித்தி சொல்லிட்டுப் போனாங்க.

ராத்திரி கரண்டு போனதுல ஒரே ஒரு பேட்டரிதான் முழுசா ஏறியிருந்துச்சு. அதுல பத்து நிமிஷம் பறக்கலாம். ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு, தெருவுல ஆள் நடமாட்டம் வர்றதுக்கு முன்னாடி ஏத்தினேன். முகப்பு, முற்றம், ஓடு, தெரு எல்லாம் பொறுமையா சுத்தி வந்தேன். எறக்கி பாத்தா கோடு கோடா ஓடு, ஒண்ணு கூட நெளியல. எட்டு மணிக்கு ஆளுங்க ஏணியோட வந்துட்டாங்க.

சென்னை வந்து டிவியில போட்டுக் காட்டினேன். அப்பா பக்கத்துல ஒக்காந்து பேசாம பாத்தார். வடக்கு மூலையில நாலு ஓடு மட்டும் செவப்பு கூட இருக்குறத காட்டி, "அது நான் மாத்துனதுலே"ன்னார். அப்பறம், "கெணறு எங்க?"ன்னார்.

கிணத்துப் பக்கம் போறதுக்குள்ள பேட்டரி தீந்துடுச்சு. அது சனிக்கிழமை வீடியோவுலதான் இருக்கு. ஜெல்லோவ எந்த மென்பொருள்ல போட்டு உருட்டினாலும் முழுசா போகாது, ரெண்டு மூணு பாத்தாச்சு. சரின்னு அதையே போட்டேன். கிணறு, தொவைக்கிற கல்லு, தென்னை எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு ஆடுது.

"தண்ணி கெடக்கு பாரு"ன்னார் அப்பா.

டிஸ்கி: மேசை மேல வெச்சு மோட்டார ஓட விடும்போது ப்ரொபெல்லர கழட்டிட்டு ஓட விடுங்க சாமிகளா. எடது கட்டை வெரல்ல இருக்குற தழும்ப பத்தி இன்னொரு நாள் எழுதறேன்.