சொல்லின் விளிம்பும் சட்டத்தின் பிடியும்

குழந்தைகளைக் காக்கவென்று கொண்டுவரப்படும் சட்டத்தை எதிர்ப்பவர்மீது குழந்தைகளிடம் அக்கறையற்றவர் என்ற பழி எளிதில் வந்து சேரும். அதை அறிந்தே எழுதுகிறேன். வன்முறை மிகுந்த வீடியோ கேம்களைச் சிறாருக்கு விற்பதை அரசு தண்டனைக்குரியதாக்கக் கூடாது. மொழியியல் பயின்ற எனக்கு இந்த நிலைப்பாடு சட்டத்தின் சொற்களைப் படித்ததிலிருந்தே உருவானது.

2005இல் கலிஃபோர்னியா மாநிலம் அத்தகைய சட்டமொன்றை இயற்றியது. மீறும் விற்பனையாளருக்கு 1,000 டாலர் வரை அபராதம். ஆடுபவருக்குத் தரப்படும் தெரிவுகளில் மனித உருவத்தைக் கொல்வது, ஊனப்படுத்துவது, உறுப்புகளைத் துண்டிப்பது, பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்குவது ஆகியவை இருந்தால், அத்துடன் அது சிறாரின் பிறழ்ந்த ஆர்வத்தைத் தூண்டி, அவர்களுக்கு எது தகும் என்று சமூகம் கொண்டிருக்கும் அளவுகோலையும் மீறினால், அது 'வன்முறை வீடியோ கேம்'.

'உயரமானவர்', 'வழுக்கை' போன்ற சொற்களுக்குத் தெளிவான விளிம்பு இல்லை என்பது சொற்பொருளியலின் முதற்பாடங்களில் ஒன்று. அன்றாடப் பேச்சுக்கு அது குறையாவதில்லை. கேட்பவர் சூழலைக் கொண்டு பொருளை நிரப்பிக்கொள்கிறார். அபராதம் விதிக்கும் சட்டத்தில் அந்த விளிம்பை நிரப்புவது யார்? 2010 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்ற விசாரணையில் நீதிபதி சோட்டோமேயர் கேட்டார்: சித்திரவதைக்குள்ளாவது மனிதர் அல்லாமல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் வல்கன் இனத்தவரானால் சட்டம் பொருந்துமா? பொருந்தாது என்றார் மாநில அரசின் வழக்கறிஞர். அடி ஒன்றுதான், குருதி ஒன்றுதான். காது கூர்மையாக இருந்தால் குற்றமில்லை! இப்படியொரு வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரர் நுண்ணாய்வு செய்யமாட்டார். ஐயத்துக்குரிய அனைத்தையும் அலமாரியிலிருந்து அகற்றிவிடுவார்.

2011 ஜூன் 27 அன்று 7-2 என்ற பெரும்பான்மையில் அச்சட்டம் செல்லாதென்று தீர்ப்பானது. கிரிம் சகோதரர்களின் கதைகளிலும் கொடூரம் உண்டு என்று சுட்டிய நீதிபதி ஸ்கேலியா, மாநிலம் முன்வைத்த ஆய்வுகள் கேம்களே வன்முறைக்குக் காரணம் என நிறுவவில்லை என்றார். நீதிபதி அலிட்டோ, தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஆகிய இருவரும் சட்டத்தின் சொற்கள் தெளிவற்றவை என்ற அடிப்படையிலேயே தீர்ப்புக்கு உடன்பட்டனர்.

மாறுபட்ட நீதிபதி பிரையரின் வாதம் வலுவானது. பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு நிர்வாணப் படமுள்ள இதழை விற்கத் தடை விதிக்கலாம். பெண்ணொருத்தியைக் கட்டிவைத்து வதைத்துக் கொல்லும் கேமை விற்பதைத் தடுக்க முடியாதா? இந்த முரண் உண்மையானது. ஆயினும், முரணைச் சுட்டிக்காட்டுவதால் மங்கலான வரையறை தெளிவாகிவிடுவதில்லை. பெற்றோர் கையறு நிலையிலும் இல்லை. 1994 முதல் கேம் துறையே வயதுத் தரக்குறியீடு வழங்கி வருகிறது. அமெரிக்க வர்த்தக ஆணையம் சிறாரை அனுப்பிச் சோதித்தபோது, 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான கேமை வாங்க முடிந்தவர்கள் 13 விழுக்காட்டினர் மட்டுமே. அதன் முடிவு வெளியானது தீர்ப்பு வந்த அதே 2011இல்தான்.

என் தம்பி பள்ளியில் படித்தபோது அம்மா அவனருகே அமர்ந்து இரண்டு கேம்களைப் பொறுமையாகப் பார்த்தார். ஒன்றை நீக்கச் சொன்னார்; மற்றதை விட்டுவைத்தார். இரண்டிலும் துப்பாக்கி இருந்தது. காரணம் கேட்டபோது, "அதை ஆடிட்டு வந்தா இவன் ராத்திரி தூங்கமாட்டேங்கிறான்" என்றார். அந்தத் தீர்ப்பு ஒரே ஒரு பிள்ளையை அறிந்து சொல்லப்பட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக அதை எழுதிவைக்கச் சட்டத்திடம் சொல் இல்லை. பெற்றோருக்கு நேரமில்லை, கேம்களைப் பற்றித் தெரியவில்லை என்பது மெய்யான சிக்கல். அதற்கு நேரமும் தகவலும் வேண்டும். கடைக்காரர்மீது போடும் அபராதம் இரண்டையும் தராது.